மின்சாரமா, பெற்றோலா? இருசக்கர வண்டியின் பழைய வழக்கு

நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவதற்கென ஒரு மோட்டார் சைக்கிளை வாங்க எண்ணும் ஒருவர் முன் இன்று இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று பெற்றோலினால் ஓடுவது. மற்றையது மின்சாரத்தினால் ஓடுவது. எதனைத் தெரிந்துகொள்வது என்பதில் ஐயம் எழுகின்றது. வீட்டிலே தந்தை ஒன்று சொல்வார். மகன் வேறொன்று சொல்வான். பெரும்பாலார் இவ்விவாதத்தைத் தொடங்கும்போதே, பெற்றோல் வண்டி நம் முன்னோர் கண்ட பழைய வண்டி, மின்சார வண்டி நேற்றுப் பிறந்த புதிய வண்டி என்று எண்ணிக்கொண்டே தொடங்குகின்றனர். வரலாறோ அவ்வாறு கூறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான வழக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அவ்வழக்கு முன்னரே ஒரு முறை விசாரிக்கப்பட்டுப் பெற்றோல் வண்டிக்குச் சார்பாகத் தீர்ப்பும் கூறப்பட்டுவிட்டது. அத்தீர்ப்பு ஏன் அவ்வாறு அமைந்தது, அதற்குரிய காரணங்கள் இன்றும் நிலைக்கின்றனவா என்பவற்றை அறிந்துகொண்டவருக்குக் கடையிலே நின்று தெரிவு செய்வது எளிதாகும். ஆதலின் இன்றைய பேச்சில் அப்பழைய வழக்கின் ஏடுகளைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

இரண்டு வண்டிகளுள் முதலில் வீதிக்கு வந்தது மின்சார வண்டியே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈயச் சேமக்கலத்தை, அதாவது நாம் பற்றரி என்று வழங்கும் பொருளை, பிரான்சு நாட்டைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859 ஆம் ஆண்டில் அமைத்தார். 1881 ஆம் ஆண்டில் குஸ்தாவ் துரூவே என்பவர், மிதித்து ஓட்டும் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றில் சிறியதொரு மின்சார மோட்டாரையும் பற்றரியையும் பொருத்திப் பாரிஸ் நகர வீதியில் ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் அயர்ற்றன், பெரி என்னும் பேராசிரியர் இருவர் அத்தகைய வண்டியொன்றை ஓட்டினர். அதற்கு மின்விளக்கும் இருந்தது.

பெற்றோல் மோட்டார் சைக்கிள் பிறந்தது இதற்குப் பின்னரேயாகும். 1885 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கான்ஸ்ராற் என்னும் ஊரில் கொற்லீப் டெயிம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச்சட்டத்தாலான ஒரு வண்டியில் அரைக் குதிரைவலுவுள்ள எஞ்சினைப் பொருத்தினர். கீழே விழாதிருக்க இரு பக்கங்களிலும் சிறு சக்கரங்கள் இருந்தன. டெயிம்லரின் மகன் அதிலேறிச் சுமார் மூன்று கிலோமீற்றர் தூரம் சென்றார். எஞ்சினைப் பற்றவைக்கும் சூடான குழாய் ஆசனத்தின் கீழேயே இருந்தமையால், அவ்வோட்டத்தின்போது ஆசனம் தீப்பற்றியது என்று கூறுவர். பின்னர் 1894 இல் மியூனிச் நகரத்து ஹில்டெபிரான்ட், வொல்ஃப்மியுல்லர் நிறுவனத்தார் விலைக்கு விற்கும் நோக்குடன் முதலாவது மோட்டார் சைக்கிளைத் தொடர்ச்சியாகச் செய்யத் தொடங்கினர். 1895 டிசெம்பர் 31 ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒக்டென் போல்ரன் என்பவர் மின்சாரச் சைக்கிளொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மோட்டார் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே அமைந்திருந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் மோட்டார் அவ்விடத்திலேயே இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இவ்வாறு இருவகை வண்டிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பந்தயத்துக்கு நின்றன. அக்காலத்தவர் கண்ணுக்கு மின்சாரமே வெல்லும் எனத் தோன்றியிருந்தால் அதில் தவறில்லை. அது புகை கக்கவில்லை, பேரொலி எழுப்பவில்லை, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் துன்பமும் அதற்கில்லை. வேகத்திலும் அது பின்தங்கவில்லை. 1899 ஏப்ரல் 29 ஆம் தேதி கமீல் ஜெனாற்சி என்னும் பெல்ஜிய நாட்டவர் பாரிசுக்கு அண்மையில் மின்சாரக் கார் ஒன்றை மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்தினார். வீதியில் ஓடும் வண்டியொன்று மணிக்கு நூறு கிலோமீற்றர் எல்லையைத் தாண்டியது அதுவே முதல் தடவை. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளின் கணக்கும் இதனையே உணர்த்தும். மொத்தம் 4,192 வண்டிகளுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெற்றோலால் ஓடியவை 936 மாத்திரமே.

அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளுக்குள் மின்சார வண்டி பெருவீதிகளிலிருந்து மறையத் தொடங்கியதன் காரணம் யாது?

முதற் காரணம் நிறை. ஒரு கிலோகிராம் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி ஏறக்குறைய 12 கிலோவாற்று மணியாகும். நமது மின்சாரக் கட்டணச் சீட்டில் அலகு என்று குறிப்பிடுவதும் இந்தக் கிலோவாற்று மணியையே. ஒரு கிலோகிராம் ஈயப் பற்றரியில் அடங்குவதோ ஓரலகின் முப்பதில் ஒரு பங்களவேயாகும். பெற்றோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கின்றது என்பது மெய். அதனைக் கழித்துப் பார்த்தாலும் வேற்றுமை மிகப் பெரிது. நான்கு சக்கர வண்டியொன்று அந்தப் பாரத்தை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். இலண்டன் மாநகரில் 1897 இல் ஓடத் தொடங்கிய மின்சார வாடகை வண்டிகள் ஏறக்குறைய இரண்டு தொன் நிறையுடையனவாய் இருந்தன. இரண்டு சக்கர வண்டியோ அவ்வாறு சுமக்கவியலாது. ஓட்டுபவர் தம் காலை நிலத்தில் ஊன்றி நிறுத்த வேண்டிய வண்டியில் பற்றரியின் நிறை ஓரளவுக்கு மேற் செல்லலாகாது. ஆகவே அது செல்லும் தூரமும் குறுகியதாகவே இருந்தது.

இருசக்கர வண்டியைப் பொறுத்தவரையில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. மோட்டார்க் காரிலே மின்சாரத்துக்கிருந்த பெருஞ் சிறப்பு, கைப்பிடியைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதே. மோட்டார் சைக்கிளிலோ அத்துன்பம் பெரிதாக இருந்ததில்லை. மிதித்தோ, சற்றுத் தூரம் தள்ளிக்கொண்டு ஓடியோ சிறிய எஞ்சினை எழுப்பிவிடலாம். காரிலும் அச்சிறப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலக் கார்களில், சாள்ஸ் கெற்றரிங் என்பவர் அமைத்த மின்சாரத் தொடக்கி பொருத்தப்பட்டது. பற்றரியும் மோட்டாரும் பெற்றோல் வண்டிக்குள்ளே வேலைக்காரராகப் புகுந்து, தம் இனத்து வண்டியையே தோற்கடித்தன எனலாம்.

இரண்டாவது காரணமே தலையாயது. வண்டி வெறுமையானபோது அதனை எங்கே நிரப்புவது என்பதே அது. 1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியில் நிகழ்ந்த ஒரு பயணத்தை இங்கு நினைவுகூரலாம். மோட்டார்க் காரை அமைத்த கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பேர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரின் மூன்று சக்கர வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து ஃபொர்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். வழியிலே எரிபொருள் தீர்ந்துபோயிற்று. அக்காலத்தில் பெற்றோல் நிலையம் என ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஆயினும் அவர் கலங்கவில்லை. வீஸ்லொக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடையிலே, கறை நீக்குவதற்காக வைத்திருந்த எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். நேயர்களே, இந்நிகழ்ச்சியிலே வழக்கின் உயிர்நாடி அடங்கியுள்ளது. எண்ணெயைப் போத்தலில் அடைக்கலாம், தகரத்தில் அடைக்கலாம், எந்தக் குக்கிராமத்துக் கடையிலும் ஒரு மூலையில் வைத்து விற்கலாம். மின்சாரத்தை அவ்வாறு தகரத்தில் அடைத்து விற்க முடியாது. அது கம்பி சென்ற இடத்துக்கு மாத்திரமே செல்லும். அக்காலத்தில் கம்பி சென்றதோ நகரங்களுக்கே.

இவற்றோடு 1901 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஸ்பின்டில்ரொப் என்னுமிடத்தில் எண்ணெய் பெருக்கெடுத்தது. எரிபொருளின் விலை வீழ்ந்தது. 1908 இல் ஹென்றி ஃபோட் தமது மலிவான மொடல் டீ காரை வெளியிட்டார். நகரங்களுக்கிடையே நல்ல வீதிகள் நீண்டன. நெடுந்தூரம் செல்லும் ஆசை மக்களுக்கு வந்தது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க அக்காலப் பற்றரியால் முடியவில்லை.

ஆனால் மின்சார வண்டி எல்லா இடங்களிலும் தோற்றது என்று எண்ணுவது பிழையாகும். இங்கிலாந்திலே வீடு வீடாகப் பால் கொண்டுசென்று கொடுத்த வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் வண்டிகள் உலகை ஆண்ட 1950களிலும் 1960களிலும் அந்நாட்டுப் பால் வண்டிகள் ஆயிரக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓடின. காரணம் வெளிப்படையானது. அவை செல்லும் வழி நாள்தோறும் ஒன்றே, தூரமும் குறுகியதே, வீட்டுக்கு வீடு நின்று நின்று செல்ல வேண்டும், அதிகாலையில் உறங்குவோரை எழுப்பக்கூடாது, பணி முடிந்ததும் அதே கொட்டகைக்குத் திரும்பி இரவெல்லாம் மின்னேற்றிக்கொள்ளலாம். உலகமெங்கும் சுற்ற விரும்பியவருக்குப் பயன்படாத வண்டி, ஒரே பாதையில் போய் வந்த பாற்காரருக்கு மிகவும் பயன்பட்டது. வேலைக்குப் போய்வரும் ஒருவரின் பயணம் இவ்விரண்டனுள் எதனை ஒத்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எரிபொருள் கிடையாத காலத்திலும் மின்சாரம் மீண்டும் தலைகாட்டியது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரத்துச் சொக்கோவெல் என்னும் நிறுவனம் மின்சார மோட்டார் சைக்கிள்களைச் செய்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நாடு ஜேர்மானியர் வசப்பட்டிருந்த காலத்தில் பெற்றோலுக்குப் பங்கீடு விதிக்கப்பட்டமையால், மக்கள் இவ்வண்டிகளை நாடினர். போர் முடிந்து பெற்றோல் மீண்டும் கிடைத்ததும் அந்நிறுவனமே பெற்றோல் வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டது. தட்டுப்பாட்டினால் மாத்திரம் பெற்ற வெற்றி, தட்டுப்பாட்டோடு முடிந்துவிடும் என்பதற்கு இது சான்று.

போருக்குப் பிந்திய காலம் சிறிய பெற்றோல் எஞ்சினின் பொற்காலம். 1946 ஆம் ஆண்டில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம், விமானப் பொறியியலாளரான கொறாதினோ தஸ்கானியோ வகுத்த வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. 1958 இல் யப்பானின் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 2017 ஆம் ஆண்டளவில் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டிருந்தன. ஆசியாவின் ஆசிரியர், எழுதுவினைஞர், வணிகர், கமக்காரர் ஆகியோரைத் தம் தொழிலிடத்துக்குக் கொண்டுசேர்த்த பெருமை இத்தகைய சிறு எஞ்சின்களுக்கே உரியது. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது சீனாவிலேயாகும். 1990களில் சாங்காய் போன்ற பெருநகரங்கள், புகையையும் நெரிசலையும் குறைக்கும்பொருட்டுப் பெற்றோலில் ஓடும் இருசக்கர வண்டிகளுக்குப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்தத் தொடங்கின. 2007 ஜனவரியில் குவாங்சோ நகரம் தன் வீதிகளில் மோட்டார் சைக்கிள்களை முற்றாகத் தடைசெய்தது. மக்கள் மின்சாரச் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் மாறினர். 1998 இல் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்தையும் எட்டாதிருந்த அவற்றின் விற்பனை, பத்தே ஆண்டுகளில் கோடிக்கணக்காயிற்று. இதில் நாம் கவனிக்கத்தக்கது, அவ்வண்டிகளிற் பெரும்பாலானவை பழைய ஈயப் பற்றரியிலேயே ஓடின என்பதாகும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் போதாதென்று ஒதுக்கிய அதே பற்றரி சீனத்து நகரவாசிக்குப் போதுமாயிருந்தது. அவர் நாள்தோறும் சென்ற தூரம் குறுகியது. பற்றரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் வீட்டிலேயே மின்னேற்றவும் முடிந்தது. பற்றரி பெரிதும் மாறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட வேலையே மாறியது.

பிற்பாடு பற்றரியும் மாறியது. 1991 ஆம் ஆண்டில் யப்பானின் சொனி நிறுவனம் லிதியம் அயன் பற்றரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை ஆக்குவதற்கு வழிகாட்டிய குட்இனஃப், விற்றிங்காம், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் வேதியியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே நிறையில், ஈயப் பற்றரியைவிட நான்கு மடங்குக்கும் மேலான சக்தியை இது தேக்கி வைக்கின்றது. இருசக்கர வண்டியின் முதற் குறையாகிய நிறை இதனால் பெரும்பாலும் நீங்கியது. இரண்டாவது குறையாகிய நிரப்பும் வசதிக்குத் தைவான் நாட்டில் ஒரு வழி கண்டனர். 2015 முதல் கோகோரோ என்னும் நிறுவனம், ஓய்ந்த பற்றரியை நிலையத்திலே வைத்துவிட்டு நிரம்பிய பற்றரியை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை நடத்தத் தொடங்கியது. இதுவும் முற்றிலும் புதிய எண்ணமன்று. 1897 இலேயே நியூயோர்க் நகரத்து மின்சார வாடகை வண்டிகள் தம் பற்றரியைக் கொட்டகையில் மாற்றிக்கொண்டு மீண்டும் தொழிலுக்குச் சென்றன.

இனி நமது நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டு வரலாற்றைக் கேட்டு வியப்பதைக் காட்டிலும், நாமே பட்டறிந்த வரலாற்றிலிருந்து கற்பது பயனுடையது.

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது அங்கு வாழ்ந்தோர் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒரு சிறு போத்தலில் பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை வீதியை மறைக்கும், எஞ்சின் கரிபடியும், ஆயினும் வண்டி ஓடியது. பெற்றோல் எஞ்சினுக்குரிய ஒரு சிறப்பை இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும். அது தனக்குரிய உணவு கிடையாதபோது வேறு உணவை உண்டும் உயிர்வாழக்கூடியது. மின்சார வண்டி அன்று இருந்திருந்தால் உதவியிருக்குமா? உதவியிராது; ஏனெனில் நாட்டின் பொது மின்வழங்கலும் அக்காலத்தில் அங்கு அற்றுப்போயிருந்தது. வானொலியிலே செய்தி கேட்பதற்குக் கூட, சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, அதன் டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் அது. அன்றாடப் பயணத்தில் பெரும்பகுதியைச் சுமந்தது மிதி சைக்கிளே. எரிபொருளும் மின்சாரமும் இரண்டுமே வெளியிலிருந்து வரவேண்டியவையாக இருக்கும்போது, வண்டியின் பெயரை மாற்றுவதால் மாத்திரம் தங்கிநிற்கும் நிலை மாறிவிடாது.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2022 ஆம் ஆண்டில், முழு நாடும் இப்பாடத்தை மீண்டும் கற்றது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோனமையால் எரிபொருள் வாங்க வழியில்லாதொழிந்தது. 2021 டிசெம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ரகப் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைக்கவில்லை. மக்கள் பெற்றோல் நிலையங்களின் முன் பகலும் இரவும் வரிசையில் நின்றனர். வரிசையிலேயே உயிர்நீத்தோரும் உளர். பின்னர்க் குறியீட்டு முறையிலான பங்கீடு வந்தபோது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு நான்கு லீற்றர் ஒதுக்கப்பட்டது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டியென்று கொண்டால், அது வாரத்துக்கு 180 கிலோமீற்றராகும். ஆறு வேலைநாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர். இக்காலத்துச் சாதாரண மின்சார மோட்டார் சைக்கிளொன்று ஒரே மின்னேற்றத்தில் எளிதிற் செல்லும் தூரம் இது.

எனினும், அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்வெட்டு இருந்ததையும் மறந்துவிடலாகாது. நமது மின்சாரத்தில் ஒரு பகுதி மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து வருகின்றது. மற்றொரு பகுதி நுரைச்சோலையில் எரிக்கப்படும் இறக்குமதி நிலக்கரியிலிருந்து வருகின்றது. வேறொரு பகுதி எண்ணெயிலிருந்தே வருகின்றது. ஆயினும் இரண்டுக்கும் இடையில் ஒரு வேற்றுமை உண்டு. பெற்றோலுக்குரிய எண்ணெயில் ஒரு துளியையேனும் இந்நாட்டு மண்ணிலிருந்து நாம் எடுப்பதில்லை. மின்சாரத்தையோ மழையும் வெயிலும் காற்றும் நமக்கு ஓரளவேனும் தருகின்றன. கூரையிலே சூரியத் தகடு பொருத்திய வீட்டுக்காரர், அதனோடு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஏற்பாட்டையும் செய்துகொண்டால், பொதுக் கம்பி ஓய்ந்த நாளிலும் தம் வண்டியைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். வீட்டு முற்றத்தில் பெற்றோல் ஊறுவதில்லை.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் முடிவு யாதெனில், எந்த வண்டி சிறந்தது என்பது தவறான வினா என்பதே. யாருடைய பயணத்துக்கு எது பொருந்தும் என்பதே சரியான வினா. ஆதலால் வண்டி வாங்குபவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, நாளொன்றுக்கு எவ்வளவு தூரம்? சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போய்வரும் ஆசிரியருக்கு மின்சார வண்டி தாராளமாகப் போதும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் சென்று, அன்றே திரும்பவேண்டிய உத்தியோகத்தருக்கு, தொழிலிடத்தில் மின்னேற்றும் வசதி இல்லையெனில் பெற்றோல் வண்டியே துணை. விற்பனையாளர் கூறும் தூரத்தை அப்படியே கொள்ளாது, பற்றரி பழையதாகும்போதும், பின்னால் ஒருவர் ஏறும்போதும், எதிர்க்காற்று வீசும்போதும் அது குறையும் என்பதை எண்ணிக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, இரவிலே வண்டி எங்கே நிற்கும்? தம் வீட்டு முற்றத்தில், பாதுகாப்பான மின்குதை ஒன்றின் அருகே நிற்குமாயின் மின்சார வண்டிக்குரிய தலையாய தேவை நிறைவேறிவிட்டது. வாடகை அறையில் வசித்து வண்டியை வீதியோரத்தில் நிறுத்துபவர், கழற்றிச் செல்லத்தக்க பற்றரியுள்ள வண்டியையேனும் நாட வேண்டும். அன்றேல் நாள்தோறும் அல்லற்படுவர். பாற்காரரின் கொட்டகையும் சீனத்து மாடிவீடும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

மூன்றாவது, பணக் கணக்கு. நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குச் சிறிய பெற்றோல் வண்டிக்கு இரண்டு லீற்றருக்கு மேல் வேண்டும். மின்சார வண்டிக்கு மூன்று அல்லது நான்கு அலகு மின்சாரம் போதும். ஆனால் நம் நாட்டில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு இருபத்தைந்து, முப்பது அலகு கூடும்போது வீட்டின் முழுக் கட்டணமும் மேற்படிக்கு ஏறக்கூடும். ஆகவே பழைய கட்டணச் சீட்டை எடுத்துவைத்துக் கணக்குப் பார்ப்பது அவசியம். அன்றியும் பற்றரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் பொருள். வண்டியின் விலையிற் பெரும்பங்கு அதற்கே செல்வது. மாற்றுப் பற்றரி எங்கே கிடைக்கும், என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றை எழுத்திலே பெறாமல் வாங்குதல் தகாது. பெற்றோல் வண்டிக்கோ எஞ்சின் எண்ணெய், சங்கிலி, பிளக், கார்புரேற்றர் எனச் சிறு செலவுகள் ஓயாது வரும். அவற்றைத் திருத்தத் தெரிந்தவர் மாத்திரம் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கின்றார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வழக்கைத் தீர்த்தவர் பொறியியலாளர் அல்லர். வீஸ்லொக் ஊரின் மருந்துக் கடைக்காரரும், கிராமத்துக் கடையில் எண்ணெய்த் தகரம் வைத்து விற்றவரும், நீண்ட வீதிகளை அமைத்தவருமே அதனைத் தீர்த்தனர். இன்று கம்பி ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் சென்றுவிட்டது. பற்றரியின் பாரமும் குறைந்துவிட்டது. ஆகவே குறுகிய அன்றாடப் பயணத்தைப் பொறுத்தவரையில் பழைய தீர்ப்பின் காரணங்கள் பெரும்பாலும் வலுவிழந்துவிட்டன. நெடும் பயணத்துக்கும், மின்னேற்ற இடமில்லாதவருக்கும் அவை இன்னும் வலுவுடையனவே. வண்டி வாங்க நினைக்கும் நேயர், கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரத்துக்கு மாத்திரம், தாம் காலையிலிருந்து மாலைவரை செல்லும் தூரத்தை ஒரு தாளில் நாள்தோறும் குறித்துவருவாராக. விளம்பரங்கள் கூறாத விடையை அத்தாள் கூறிவிடும்.